நாகர்கோவில் புறநகரின் கரியமில வாயு: செயற்கைக்கோள், கோபுரம், சென்சார், கணக்கேடு

காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. ஊர் எவ்வளவு விடுகிறது என்பது வேறொன்று. முன்னதற்கு அலகு பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு), பின்னதற்கு டன். நாலு சென்சாரை மொட்டைமாடிகளில் வைத்துவிட்டால் டன் கணக்கு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் கீழே உள்ள கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பார்வதிபுரம், ஆசாரிப்பள்ளம், கோணம் பக்கமாக 5 கி.மீ. நீளமும் 5 கி.மீ. அகலமும் உள்ள ஒரு சதுரம். அதற்குள் பெட்ரோலும் டீசலும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் சீராக எரிகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2.5 கிலோ வீதம் 250 டன். நண்பகலில் காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசுகிறது, புகை 1,000 மீட்டர் உயரம் வரை கலக்கிறது என்றால், சதுரத்தின் மறுமுனையில் கூடுவது 0.07 பிபிஎம். விடியற்காலை 4 மணிக்குக் காற்று நொடிக்கு 1 மீட்டராக அடங்கி, கலக்கும் உயரம் 100 மீட்டராகச் சுருங்கினால் 3 பிபிஎம் சொச்சம். மலிவு சென்சாரின் பிழை ±30 பிபிஎம். எந்தக் கருவி எதற்கு லாயக்கு என்பதை இந்த மூன்று எண்களிலேயே பாதி சொல்லிவிடலாம்.

செயற்கைக்கோள்

இதைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். கரியமில வாயுவை அளக்க நாசா 2014-இல் ஏவிய ஓசிஓ-2 பத்து கி.மீ. அகலப் பட்டையாகப் பார்த்துக்கொண்டே போகும். அதே பாதைக்குத் திரும்ப 16 நாள். தரையிலிருந்து வானம் வரை உள்ள முழுக் காற்றுத் தூணின் சராசரியைத்தான் அது தரும், அதன் துல்லியமும் ஏறக்குறைய 1 பிபிஎம்தான். பெருநகரங்களின் புகைத்திட்டு அதில் தெரியும். நாகர்கோவில் தெரியாது. போதாததற்கு நமக்குத் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு மழைக்காலம்; மேகம் இருந்தால் அளவே கிடையாது.

கோபுரம்

எடி கோவேரியன்ஸ் என்னும் சுழல்காற்று முறை மட்டும்தான் வெளியேற்றத்தை நேரடியாக அளக்கிறது. ஒலி அலையால் காற்றை அளக்கும் அனிமோமீட்டர், பக்கத்தில் வேகமான வாயு அளவி. இரண்டும் நொடிக்கு 10 முதல் 20 முறை பதிவு செய்யும். மேலே போகும் சுழலில் எவ்வளவு, கீழே வரும் சுழலில் எவ்வளவு என்று அரைமணிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்தால், ஒரு சதுர மீட்டர் தரை எவ்வளவு விட்டது என்று வரும்.

கோபுரம் சுற்றியுள்ள கட்டடம், மரங்களைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு உயரம் இருக்கவேண்டும். நம் பக்கம் வீட்டு உயரத்தைப் பார்த்துக் கோபுரம் போட்டால் ஏமாந்துபோவோம், அளவுகோல் தென்னை. 20 மீட்டர் தென்னைக்கு 40 மீட்டர் கோபுரம். திறந்த வகை வாயு அளவியின் கண்ணாடியில் மழைத்துளி நின்றால் அந்த அரைமணி போயிற்று. கடற்கரைக்கு அருகில் உப்புப் படிவதால் அடிக்கடி துடைக்கவேண்டும். காற்று அடங்கிய இரவுகளில் சுழலே இருக்காது, வாயு தரையோடு தேங்கும், கருவி குறைத்துச் சொல்லும். அந்த நேரங்களை வடிகட்டி எறியவேண்டும்.

இதையெல்லாம் சமாளித்தாலும் மரங்கள் விடாது. அமெரிக்காவின் பால்டிமோர் புறநகரான கப் ஹில்லில் 41 மீட்டர் கோபுரம் வைத்து அளந்தார்கள். கோடைப் பகலில் அந்தப் புறநகர் வாயுவை விடுவதற்குப் பதில் உறிஞ்சுவதாகவே காட்டியது. வருடக் கணக்கில்தான் வெளியேற்றம் மிஞ்சியது. அங்கே குளிரில் இலை உதிர்ந்ததும் வண்டிப்புகையும் வீட்டுப்புகையும் தனியாகத் தெரியும். இண்டியானாபொலிஸில் 2010-இல் தொடங்கிய அளவீட்டிலும் இந்த இலையுதிர்ந்த மாதங்கள் பெரிய உதவி. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரப்பர் வருடத் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். தென்னையும் வாழையும் உதிர்க்குமா? பல லட்சம் ரூபாயும் முழுநேர ஆளும் உள்ள பல்கலைக்கழகத்துக்கு இது சரி. ஊராட்சிக்கோ தன்னார்வக் குழுவுக்கோ வேண்டாம்.

மலிவு சென்சார்

என்டிஐஆர் வகை. 4.26 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பைக் கரியமில வாயு விழுங்குவதை வைத்து அளப்பது. எம்எச்-இசட்19, எஸ்சிடி30, கே30 ஆகியவை சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. மூன்றில் தேர்வு செய்யச் சொன்னால் கே30 அல்லது எஸ்சிடி30. எம்எச்-இசட்19 வகுப்பறை ஜன்னலைத் திறக்கலாமா என்று பார்க்கத்தான் சரி.

வாங்கியதும் முதல் வேலை, தானியங்கி அடித்தளத் திருத்தத்தை அணைப்பது. சில நாள்களில் பதிவான மிகக் குறைந்த அளவை 400 பிபிஎம் என்று எடுத்துக்கொண்டு சென்சார் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். வெளிக்காற்றே 420-ஐத் தாண்டிவிட்டது. ஆக 20 பிபிஎம் அப்படியே காணாமல் போகும். அதைவிட மோசம், ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக இதைச் செய்வதால், இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசமும் அழிந்துவிடும். அளக்க வந்ததே அந்த வித்தியாசத்தைத்தானே.

அடுத்தது ஈரம். 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் 3 சதவீதத்துக்கு மேல் நீராவி. உலர் காற்றில் 420 இருப்பது ஈரக் காற்றில் 407 ஆகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை விட்டுக் காற்று காய்ந்தால் அளவு தானாக ஏறும். வண்டி பெருத்துவிட்டது என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். சிலிக்கா ஜெல் வைத்து உலர்த்தலாமே என்றால், நிமிடத்துக்கு அரை லிட்டர் இழுக்கும் பம்ப் நாளொன்றுக்கு 16 கிராம் நீரைக் கொண்டுவரும். 250 கிராம் ஜெல் மூன்று நாளில் நிறம் மாறிவிடும். அதற்குப் பதில் ஈரப்பதம், வெப்பம், அழுத்தம் மூன்றையும் வாயு அறைக்குள்ளேயே அளந்து கணக்கில் திருத்துவது மேல். பெட்டிக்கு வெளியே ஈரமானியைத் தொங்கவிட்டால் பயனில்லை. உள்ளே மின்சுற்றின் சூட்டில் நிலைமை வேறு.

பெட்டிக்கு வாய், கீழ்நோக்கிய பிவிசி எல்போ, வாயில் கொசுவலை. வலை இல்லாவிட்டால் மழைக்கு முந்தின வாரம் எறும்பு முட்டையோடு குடியேறும். சமையலறைப் புகைபோக்கிக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் எட்டத்தில் வையுங்கள். மனிதர் விடும் மூச்சு 40,000 பிபிஎம்.

இரண்டு வாரம் எல்லாப் பெட்டிகளையும் ஒரே மாடியில் ஒட்டி வைத்துச் சரிபாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். வித்தியாசம் பெட்டியோடு கூடவே போனால் கோளாறு சென்சாரில். இடத்திலேயே நின்றால் அது அந்த இடத்தின் காற்று. அப்போதும் விடியற்கால எண்ணை நம்பி வண்டியைக் குறைசொல்ல முடியாது. இரவில் தோப்பும் மண்ணும் சுவாசிப்பதும் அதே 100 மீட்டருக்குள்தான் அடைபடுகிறது. பக்கத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு சென்சார் இருந்தால் எரிந்து வந்ததைப் பிரிக்கலாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் செங்கல் சூளையில் விறகு எரியும் நாளில் அதுவும் குழப்பும்.

இதே பெட்டியைப் பேருந்தில் ஏற்றிவிடலாமே என்ற யோசனை நல்லதுதான். சால்ட் லேக் சிட்டியில் 2014 முதல் நகர ரயிலின் கூரையில் அளவி ஓடுகிறது. ஆனால் அது வேகமான, விலை கூடிய கருவி. எஸ்சிடி30 காற்று மாறியதை உணர 20 நொடி எடுக்கும், 40 கி.மீ. வேகத்தில் அதற்குள் 220 மீட்டர் கடந்துவிடும். வடசேரி பேருந்து நிலையப் புகை அடுத்த தெருவின் கணக்கில் ஏறும்.

கணக்கேடு

கையில் காசு குறைவு, வேண்டியது டன் என்றால் இதுதான் முதல். எரிந்ததை எண்ணுவது. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ. மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ, முப்பந்தல் காற்றாலை கண்ணெதிரே சுற்றினாலும் இந்த எண்தான், ஏனென்றால் மின்கட்டமைப்பு நாட்டுக்கே ஒன்று. ஆனால் அந்தப் புகை இங்கே வருவதில்லை, ஆகவே ஸ்கோப் 2 (வாங்கிய மின்சாரத்துக்காக வேறிடத்தில் எரிந்தது) என்று தனிப் பத்தியில். விறகு, மட்டை, சிரட்டை எரிந்தது உயிர்வழிக் கார்பன், அதுவும் தனி. குப்பைக்கிடங்கின் மீத்தேன் இன்னொரு கணக்கு. இந்தப் பத்திகளைக் கலந்தால் அடுத்த வருடத்தோடு ஒப்பிட முடியாது.

தப்பு வருவது பங்க் விற்பனையில். கேரளத்தில் விலை கூட என்பதால் களியக்காவிளைப் பக்கம் அங்கிருந்து வந்து நிரப்பிப்போகும் வண்டிகள் உண்டு. விற்றது இங்கே, எரிந்தது அங்கே. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் விற்கும் டீசல் கடலில் எரிகிறது. எல்லையோரத்துக்கும் கடலோரத்துக்கும் விற்பனைக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். மின்சாரத்தில் சிக்கல் வேறு: ஃபீடர் எனப்படும் மின்விநியோகத் தடத்தின் எல்லையும் ஊராட்சி எல்லையும் பொருந்தாது. இணைப்பு வாரியாகக் கேட்பதே வழி. கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் மாத வாரி வரைபடம் போட ஆசைப்பட வேண்டாம்.

சாலைக்கு, சந்திப்பில் நின்று 15 நிமிடக் கூறுகளாக வகைவாரி வண்டி எண்ணுங்கள். லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பைக் கிலோமீட்டருக்கு 50 கிராம், 5 கி.மீ. தரும் பேருந்து 540 கிராம். பேருந்தில் ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு 11 கிராம்தான் என்பதையும் அட்டவணையில் போட்டுவிடுங்கள். ஏழு நாளும் எண்ணவேண்டும். அந்த ஏழில் ஒரு ஞாயிறும் முகூர்த்த நாளும் பள்ளி நாளும் இல்லாவிட்டால், பார்வதிபுரத்தில் எண்ணிய எண் பார்வதிபுரத்தின் எண்ணாக இருக்காது.