யுகுலேலேயும் என் வலக்கையும்: மூன்றரை வருடப் பழக்கம்

கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மூன்று வயது தொடக்கம் ஐந்து வயது வரை 24 பிள்ளைகள். காலையில் பாட்டு நேரம் 40 நிமிடம். அந்த 40 நிமிடத்துக்காகத்தான் 2021 கடைசியில், கொழும்பில் வேலை செய்யும் தம்பியைக் கொண்டு, கிற்றாரைப் போன்ற, நாலு தந்தியுள்ள சின்ன வாத்தியமான யுகுலேலே ஒன்று எடுப்பித்தேன். கொன்சேர்ட் என்கிற நடுத்தர அளவு, ஒட்டுப்பலகை உடல், நைலோன் தந்திகள். அன்று தொடக்கம் பள்ளி நாட்களில் ஒரு நாளும் அதைக் கையால் விட்டதில்லை.

இடக்கை பத்து நாளில் பழகிவிட்டது. கோர்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு. சி கோர்டுக்கு ஒரு விரல் போதும், ஏ மைனருக்கும் ஒரு விரல், எஃப்புக்கு இரண்டு, ஜி செவனுக்கு மூன்று. இந்த நாலையும் வைத்துக்கொண்டு முன்பள்ளிப் பாட்டில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். வலக்கைதான் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. தந்தியை எந்த விரலால், எந்த இடத்தில், எப்படி வீசினால் கை நோகாது, பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கும் என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டைத்தான் இதில் எழுதுகிறேன்.

முதல் இரண்டு மாதமும் முழங்கையிலிருந்து கையை ஆட்டித்தான் அடித்தேன். கிற்றார் வாசிக்கிறவர்களையே பார்த்துப் பழகிய கண். மூன்றாவது பாட்டு வரும்போது தோள்மூட்டு இறுகிவிடும். வீட்டுக்கு வந்து தேங்காய் துருவ இருந்தால் மணிக்கட்டு விண்விண்ணென்று வலிக்கும். மீட்டுகிற முறைதான் பிழை என்று நினைத்து வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பிழை அதற்கு முதலே தொடங்கியிருந்தது. யுகுலேலேயை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது வலது முன்கை. நின்றபடி, இடைக்கிடை குனிந்து பிள்ளைகளைப் பார்த்தபடி வாசிக்கும்போது, வாத்தியம் நழுவிவிடுமோ என்ற பயத்தில் அந்த முன்கை அதை நெரித்துக்கொண்டே இருக்கும். நெரிக்கிற கையின் மணிக்கட்டு எப்படி இளகும்?

அம்மாவின் பழைய நூல்சேலைக் கரையைக் கிழித்து, இரண்டாக மடித்துத் தைத்து ஒரு தோள்வார் செய்தேன். ஒரு நுனியைத் தலைப்பகுதியில் தந்திகளுக்குக் கீழால் விட்டுக் கட்டினேன். மற்ற நுனியை மாட்ட உடலின் அடியில் ஒரு சின்னக் குமிழ் வேண்டும். அயலில் தச்சுவேலை செய்யும் மாமா ஒருவர் உள்ளே கட்டை ஒட்டியிருக்கும் இடம் பார்த்து, முதலில் மெல்லிய துளை போட்டு, அதன் பிறகு திருகாணியை இறுக்கித் தந்தார். கட்டை இல்லாத இடத்தில் திருகினால் பலகை வெடித்துவிடும், கவனம். வார் போட்ட கிழமையே வலி பாதியாகக் குறைந்தது. நின்று வாசிக்கிறவர்கள் எந்த மீட்டு முறையையும் வார் இல்லாமல் சோதிக்கவே வேண்டாம்.

மிச்சப் பாதி வலிக்கு மருந்து எங்கள் முற்றத்தில் இருந்தது. விடிய எழும்பி, முற்றம் கூட்ட முதல் அம்மா தண்ணீர் தெளிப்பா. வாளியை இடுப்பில் அணைத்து, வலக்கையை உள்ளே விட்டு, விரல்களைக் கொஞ்சம் விரித்து ஒரு வீச்சு. தண்ணீர் விசிறி மாதிரிப் போய் விழும், புழுதி அடங்கும். ஒருநாள் நான் திண்ணையில் இருந்து பழகிக்கொண்டிருக்க, என் கையைப் பார்த்துவிட்டு நின்றா.

"என்ன பிள்ளை, உலக்கை பிடிச்ச மாதிரிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய்?"

"பின்ன எப்பிடியம்மா பிடிக்கிறது?"

"கையை விடு. இறுக்கிப்போட்டுத் தெளிச்சா தண்ணி ஒரு இடத்திலதான் கொட்டுண்ணும். மணிக்கட்டை விட்டாத்தான் பரவும்."

வாளியை வாங்கி நானும் தெளித்துப் பார்த்தேன். முழங்கை அசையவில்லை. பூட்டில் திறப்பைத் திருப்புவது போல முன்கை கொஞ்சம் சுழலுகிறது, மணிக்கட்டு அதற்குப் பின்னால் போகிறது, விரல் எல்லாவற்றுக்கும் பின்னால். கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு அதே வீச்சைத் தந்தியில் போட்டேன். நாலு தந்தியும் ஒன்றாக, ஒரே மூச்சில் ஒலித்தது. அதுவரை என் கையில் அவை ஒவ்வொன்றாக இடறி இடறித்தான் ஒலித்திருந்தன. இப்போதும் கை இறுகுகிறது என்று தெரிந்தால் பாட்டை நிறுத்தி, இரண்டு தரம் வெறுங்கையால் தண்ணீர் தெளிக்கிறேன். பிள்ளைகளும் சேர்ந்து தெளிப்பார்கள்.

மீட்டுகிற இடம் பற்றி ஒரு வரி. கிற்றாரைப் போல ஒலித்துளைக்கு மேலே மீட்ட வேண்டாம். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட மீட்டிப் பாருங்கள். அங்கே தந்தி இளக்கமாக வளைந்து கொடுக்கும், விரல் சிக்காது, நாதம் உருண்டு வரும். தந்திகளின் அடி நுனியை உடலில் தாங்குகிற பாலத்தின் பக்கம் போகப் போகத் தந்தி விறைப்பு, சத்தமும் மெலிந்து கீச்சிடும்.

இனி விரல். முதலில் தந்தியை மீட்ட விரலிடையில் பிடிக்கிற சின்னத் தகடு, கம்பளிப் பிக் ஒன்று வைத்திருந்தேன், வாத்தியத்தோடு வந்தது. சத்தம் மென்மை, நகம் உடையும் கவலை இல்லை. ஆனால் அதைப் பிடிப்பதற்கே இரண்டு விரல் இறுக வேண்டும். ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைக்க வேண்டும், இன்னொன்றின் கையைப் பிடிக்க வேண்டும் என்று வரும்போதெல்லாம் பிக்கை எங்கே வைப்பது? நாலு மாதத்தில் அதன் ஓரம் பஞ்சு பஞ்சாக உதிரவும் தொடங்கியது. பிளாஸ்டிக் பிக்கை நைலோன் தந்தியில் ஒரு நாள் மட்டும் போட்டேன். கரகரத்தது, விட்டுவிட்டேன்.

பெருவிரலைத் தந்தது 2022 ஆம் வருடம். எரிபொருள் இல்லை, பின்னேரங்களில் மின்சாரமும் இல்லை. யுகுலேலேயை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்குப் போய்வந்த காலம் அது. இருட்டில் திண்ணையில் இருந்து, கையும் தந்தியும் தெரியாமல் வாசிக்கும்போது தானாகவே பெருவிரல் சதையால் கீழ்நோக்கித் தடவத் தொடங்கினேன். அந்தச் சத்தத்துக்கு அயல்வீட்டுக் குழந்தை நித்திரை கொண்டுவிடும் என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள். இன்றும் பிள்ளைகள் பாயில் படுக்கிற நேரத்துக்குப் பெருவிரல்தான். கைக்கு அதைவிடச் சுகமான முறை இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்தேன். பெருவிரலால் மேல் தந்தியை அடித்தால் கிற்றார் போலக் கனமான அடிச்சுருதி வரும் என்று எதிர்பார்த்தேன். வராது. யுகுலேலேயின் சுருதி வரிசை ஜி, சி, இ, ஏ. அதில் முகத்துக்குக் கிட்ட இருக்கும் ஜி தந்தி உயர்ந்த சுருதி, எல்லாவற்றிலும் தாழ்ந்தது அதற்கு அடுத்த சி. அதனால் மேலிருந்து கீழே போனாலும் கீழிருந்து மேலே வந்தாலும் கை முதலில் தொடுவது உயர்ந்த சுருதியைத்தான். இது தெரிந்த பிறகு மேல்வீச்சைப் பற்றிய பயம் போய்விட்டது. நாலு தந்தியும் முழுதாகப் படவேண்டும் என்று கட்டாயமில்லை. மேலே வரும்போது இரண்டு மூன்று தந்தியைத் தொட்டாலே கோர்டு நிறைந்து கேட்கும்.

பாட்டு நேரத்துக்குச் சுட்டுவிரல். கீழே போகும்போது நகம், மேலே வரும்போது விரல்நுனிச் சதை. விரலைத் தந்திக்கு நேர் செங்குத்தாக வைத்தால் மேல்வீச்சில் கொளுவிக்கொள்ளும். கொஞ்சம் சரித்து, நுனி என்னைப் பார்க்கிற மாதிரி வைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். நகம் சதையைவிட ஒரு மில்லிமீற்றர் நீண்டிருந்தால் எனக்குக் காணும். கூட வளர்ந்தால் தந்தியில் கிளிக் கிளிக் என்று கேட்கும். அந்த ஒரு மில்லிமீற்றரைக் காப்பதுதான் பெரிய பாடு. போன வருடம் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்ற இடத்தில் கச்சான் வாங்கி, வழியெல்லாம் உடைத்துத் தின்றுகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுட்டுவிரல் நகம் ஓரத்தில் பிளந்திருந்தது. இரண்டு கிழமை பெருவிரலோடு ஓட்டினேன். அதற்குப் பிறகு கச்சான் உடைப்பது இடக்கையால்.

தாளத்தில்தான் எனக்கு உண்மையான விடிவு வந்தது. நாலு எண்ணிக்கைப் பாட்டுகளுக்கு எல்லாரும் சொல்லித் தருகிற அமைப்பு கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். அதை மனப்பாடம் செய்து அடித்தேன், ஒவ்வொரு முறையும் நடுவில் தடக்கியது. கை தகதிமி தகதிமி என்று ஓயாமல் கீழும் மேலும் போய்வர வேண்டும், சத்தம் வேண்டாத இடத்தில் தந்தியைத் தொடாமல் வெறுமனே வீசிவிட்டுப் போக வேண்டும். இதை விளங்கிக்கொண்ட அன்று அமைப்பை மறந்துவிட்டேன், கை மட்டும் நடந்தது. ஊஞ்சலில் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊஞ்சல் ஆடுகிற மாதிரி.

ஆனால் நாங்கள் பாடுகிற பாட்டில் நிறையத் தகிட தகிட நடை. அதற்குக் கீழ்-மேல்-கீழ், மேல்-கீழ்-மேல் என்று மாறி மாறிப் போனால் இரண்டாவது 'த' மேல்வீச்சில் வந்து விழும், அழுத்தம் கிடைக்காது. எல்லாம் கீழ்வீச்சாக அடித்தால் வேகப்பாட்டில் கை செத்துவிடும். ஆறு மாதம் தடுமாறி, கடைசியில் பிடித்தது மூன்று தொடுகை: சுட்டுவிரல் நகம் கீழே, அதன் பின்னாலேயே வருகிற பெருவிரல் கீழே, பிறகு சுட்டுவிரல் மேலே. த, கி, ட. சுட்டுவிரல் போன வழியில் பெருவிரல் தன் பாட்டில் வருவதால் தனியாக ஒரு வேலையும் இல்லை. முன்கை ஒரு சுற்றுச் சுற்றினால் மூன்றும் முடிந்துவிடுகிறது. முதலில் மிக மெதுவாக, வாயால் தகிட சொல்லிக்கொண்டு, தொடையில் தட்டிப் பழகுங்கள். தந்திக்கு ஒரு கிழமை கழித்துப் போனால் போதும்.

இதே நடையில்தான் எங்கள் நத்தார் ஒளிவிழாவுக்கு, இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலா மெட்டு ஒன்றும் வாசித்தேன். பைலாவின் ஆறெட்டுத் தாளத்துக்கு இந்த மூன்று தொடுகை அளவெடுத்துத் தைத்தது போல. அதைத் தேடி வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்த விஷயம் ஒன்று உண்டு. 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் பாட்டும், ஆபிரிக்க வழிவந்த காப்பிரி மக்களின் தாளமும் கலந்து வந்தது பைலா. யுகுலேலேயும் போர்த்துக்கேய வழிதான். மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களை ஏற்றிய ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் 1879 ஓகஸ்டில் ஹொனலூலுவை அடைந்தது. அதில் போன மரவேலைக்காரர்கள் தங்கள் ஊரின் சின்னத் தந்தி வாத்தியத்தைப் பார்த்து ஹவாயில் செய்யத் தொடங்கியதே இது. ஒரே வேரின் இரண்டு கொடிகள், ஒன்று இந்துசமுத்திரத்துத் தீவிலும் மற்றது பசுபிக் தீவிலும் படர்ந்து, கிளிநொச்சிப் பிள்ளைகளின் கைதட்டலில் வந்து சேர்ந்திருக்கின்றன. யுகுலேலே என்ற ஹவாய்ச் சொல்லுக்குத் துள்ளும் தெள்ளு என்று பொருள் சொல்வார்கள். பிள்ளைகளிடம் சொன்னேன். அன்றிலிருந்து அவர்களுக்கு அது தெள்ளுப்பெட்டி.

எங்கள் காலநிலை கையையும் பாதிக்கும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் மரம் காய்ந்து சுருங்கி, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் நுனி கழுத்தின் ஓரத்தில் இலேசாக வெளியே தள்ளி விரலைக் கீறும். இரவில் பையை மூடி வைத்தால் ஓரளவு தாங்கும். வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் ஒருநாளும் விடக்கூடாது, பசை விட்டுப் பாலம் கிளம்பிவிடும். மாரியில் வேறு தொல்லை. எங்கள் மண்டபம் தகரக் கூரை, அரைச்சுவர். மழை கொட்டும்போது சுட்டுவிரல் ஒன்றுக்குச் சத்தம் காணாது. மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக விரித்து வீசுவேன். சத்தம் கூடும், ஆனால் இரண்டு பாட்டுக்கு மேல் என் கை தாங்காது. அதற்கும் மேல் மழை பெய்தால் வாத்தியத்தை வைத்துவிட்டுக் கைதட்டிப் பாடுகிறோம்.

சுருதி இறங்கினால் பிள்ளைகளுக்கு என்னைவிட முதல் தெரிந்துவிடும். "ரீச்சர், இண்டைக்குத் தெள்ளு அழுகுது" என்று நாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வந்து என் சேலையைப் பிடித்து இழுக்கும். பார்த்தால் அநேகமாக ஏ தந்திதான் இறங்கியிருக்கும்.

தந்திகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அடிப்பக்கத்தில் ஃப்ரெட் படுகிற இடங்களில் விரலால் தடவினால் பள்ளம் தெரியும், அது அடையாளம். புதுத் தந்தி முதல் சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டால் திங்கள் விடிய வாசிக்கலாம். இந்த முறை நைலோனை விட்டு ஃப்ளோரோகாபன் தந்தி எடுப்பித்திருக்கிறேன், அது மெல்லிசு. நேற்றுத்தான் போட்டேன். மேல்வீச்சில் சதை கொளுவுவது குறைந்திருக்கிறது, ஆனால் தகிடவில் பெருவிரல் இடத்தைத் தப்பவிடுகிறது. இன்று விடியவும் தொடையில் தட்டிப் பழகினேன்.