அறக்கட்டளை இணையதளத்தைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்களுக்கு: நன்கொடை வந்தது, ரசீது போகவில்லை

சிறிய அறக்கட்டளை நடத்துபவர்கள், தளத்தைப் புதுப்பிக்க முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கல்வி உதவித்தொகை வழங்கும் எங்கள் அறக்கட்டளையின் பழைய தளத்தை (வேர்ட்பிரஸ் என்னும் தளம் கட்டும் மென்பொருளில் அமைந்தது), யாரும் எளிதாகப் பயன்படுத்தும்படி மாற்றித் தருவதாக ஒரு நிறுவனம் 1,40,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டது. முன்பணம் 70,000, வடிவமைப்பைத் திரையில் காட்டியதும் 56,000, தளம் ஏறிய அன்று 14,000. தளம் வேலை செய்கிறதா என்று தெரிவதற்கு முன்பே 90 சதவீதப் பணம் போய்விட்டது. பிறகு எந்தக் கோளாறைச் சொன்னாலும் அவர்களுக்கு அவசரமே இல்லை.

பெரிய சேதம் நன்கொடைப் பக்கத்தில். பெயர், தொகை, பான் எண் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவை) திறக்கும், அங்கிருந்து ஜிபேயோ ஃபோன்பேயோ திறக்கும். பணம் கட்டியவுடன் பலர் அப்படியே போனை மூடிவிடுவார்கள், பிரவுசருக்குத் திரும்புவதில்லை. அந்த நிறுவனம் எழுதிய நிரலோ ‘நன்றி’ பக்கம் திறந்தால்தான் நன்கொடையாளரின் விவரத்தைச் சேமித்து ரசீது அனுப்பும். அதனால் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும், கொடுத்தவரின் பெயரும் பானும் எங்கள் பட்டியலில் இருக்காது.

இதைச் சரியாகச் செய்யும் வழி புதிதல்ல. பொத்தானை அழுத்தியதுமே, கேட்வே திறக்கும் முன், படிவத்தில் உள்ளதை ‘நிலுவை’ என்று தளத்தில் சேமிக்க வேண்டும். பணம் வந்ததைப் பிரவுசரை நம்பாமல், கேட்வேயின் சர்வர் நேராக நம் சர்வருக்குச் சொல்ல வேண்டும். அப்படித் தானாக வரும் தகவலுக்குப் பெயர்தான் வெப்ஹுக். ஒரே கட்டணத்துக்கு இருமுறை தகவல் வரக்கூடும் என்பதால், கட்டண எண்ணைப் பார்த்து இரண்டாவது ரசீது போகாமல் தடுக்க வேண்டும். கேட்வேயின் சோதனை முறைக்குப் பதிந்த வெப்ஹுக், உண்மையான பணம் வாங்கும் நேரடி முறைக்குத் தானாக வராது, தனியாகப் பதிய வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சரிபார்ப்பது சுலபம். உண்மையான போனில் பத்து ரூபாய் கட்டுங்கள், பணம் போய்விட்டதாக ஜிபே காட்டியதும் பிரவுசரை முழுதாக மூடிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் ரசீது வரவில்லையென்றால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

ரசீது தாமதம்தானே என்று விட்டுவிட முடியாது. 80ஜி விலக்குள்ள, அதாவது நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும் அறக்கட்டளை 2024-25 நிதியாண்டின் நன்கொடைகளை 10பிடி படிவத்தில் 2025 மே 31க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதித்தால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் கட்டணம். அதைத் தாக்கல் செய்து 10பிஇ சான்றிதழ் எடுத்துக் கொடுத்தால்தான் நன்கொடையாளர் வரிவிலக்குக் கேட்க முடியும். கேட்வேயின் பட்டியலில் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருந்தன, பான் இல்லை. நம்பிப் பணம் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து, “உங்கள் பான் எண்ணை மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டியதாயிற்று. மோசடி அழைப்பென்று எண்ணிச் சிலர் துண்டித்தார்கள், அவர்கள் மேல் தவறில்லை.

அதே பக்கத்தில் டாலர் பொத்தானும் இருந்தது. வாங்கிய தீமின் (ஆயத்த வடிவமைப்பின்) மாதிரிப் பக்கத்தில் இருந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்குவது சட்ட மீறல். பதிவு இருந்தாலும் அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி பிரதான கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்குக்கு மட்டுமே வரலாம். வசிக்கும் நாட்டைக் கேட்கும் படிவம் இதற்கு உதவாது, குடியுரிமையைக் கேட்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சென்னையிலேயே குடியிருக்கும் ஓசிஐ அட்டைக்காரர் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) ரூபாயில் தந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். இது தெரியாதவரிடம் அறக்கட்டளையின் நன்கொடைப் பக்கத்தைக் கொடுக்கவே கூடாது.

அடுத்தது மாணவர் விண்ணப்பம். கூட்ட அறையில் புரொஜெக்டரில் பார்த்தபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. விண்ணப்பிப்பவர்களோ மலிவான ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் பெற்றோர்கள். வருமானச் சான்றிதழை போன் கேமராவில் எடுத்தால் 4, 5 எம்பி வரும். தளம் இயங்கும் பிஹெச்பி மென்பொருளில் ஒரு கோப்புக்கு இயல்பாக உள்ள உச்சவரம்பு 2 எம்பி, அதை யாரும் மாற்றவில்லை. ‘சமர்ப்பி’ அழுத்தியதும் ஆங்கிலத்தில் ஒரு வரிப் பிழை வரும், நிரப்பிய இருபது கட்டங்களும் வெறுமையாகிவிடும். இரண்டு முறை முயன்றுவிட்டு விட்டுவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. வரம்பை 10 எம்பியாக்கி, அனுப்பும் முன் போனிலேயே படத்தைச் சுருக்கி, பிழையை அந்தந்தக் கட்டத்துக்குக் கீழே தமிழில் காட்டி, நிரப்பியதை அழிக்காமல் வைத்தால் போதும். ஒரு நாள் வேலை.

இதைவிட மோசம், ஏற்றப்பட்ட ஆதார் நகல்களும் சான்றிதழ்களும் வேர்ட்பிரஸின் பொதுவான அப்லோட்ஸ் அடைவில் கிடந்தன. முகவரி தெரிந்த எவரும் கடவுச்சொல் இல்லாமல் திறக்கலாம். உங்கள் தளத்தில் இன்றே பாருங்கள். ஒரு விண்ணப்பத்தின் கோப்பு முகவரியை நகலெடுத்து, உள்நுழையாத வேறொரு பிரவுசரில் ஒட்டுங்கள். திறந்தால் உடனே மூடச் சொல்லுங்கள்.

தளம் மாறிய நாளில் மின்னஞ்சலும் நின்றது. டொமைனின் (தளப் பெயரின்) நேம்சர்வரை மாற்றியவர்கள், மின்னஞ்சல் சரியாகப் போய்வரத் தேவையான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை நகலெடுக்கவில்லை. இவை அடங்கிய பழைய டிஎன்எஸ் பதிவுகள் முழுவதையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்கு அனுப்பும் 301 திருப்பிவிடலும் போடவில்லை, பள்ளிகளில் ஒட்டிய அறிவிப்புகளின் க்யூஆர் குறியீடு எல்லாம் 404க்கு (‘பக்கம் இல்லை’ என்னும் பிழைக்கு) போனது. தமிழ்த் தலைப்பிலிருந்து உருவான முகவரிகளில் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது இடத்தை எடுத்துக்கொள்ளும், வேர்ட்பிரஸோ 200 இடத்தோடு வெட்டிவிடும். ஆகவே திருப்பிவிடும் பட்டியலைத் தலைப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்யாமல், பழைய சைட்மேப்பிலிருந்து (தளத்தின் பக்க முகவரிப் பட்டியலிலிருந்து) அப்படியே எடுக்க வேண்டும். தேடுபொறிகளைத் தடுக்கும் டிக் ஒன்று ‘ரீடிங்’ அமைப்பில் இருக்கும். கட்டும்போது போட்டதை எடுக்க மறந்ததால் கூகுளிலிருந்தும் தளம் காணாமல் போயிற்று.

இத்தனையையும் சரிசெய்யச் சொன்னபோது ஆண்டுக்கு 60,000 ரூபாய் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால்தான் கை வைப்போம் என்றார்கள். வேறு ஆளிடம் போகலாம் என்று பார்த்தால் டொமைன் அவர்கள் பெயரில் இருந்தது. புதுப்பிக்கும் வசதிக்காக என்று சொல்லித் தங்கள் கணக்குக்கு மாற்றியபோது பதிவுதாரர் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். டாட் ஆர்க், டாட் காம் போன்றவற்றில் பதிவுதாரர் கேட்டால் டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீட்டை 5 நாளுக்குள் தர வேண்டும் என்று, டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி இருக்கிறது. பதிவுதாரரே அவர்கள் என்றால் அந்த விதி நமக்கு உதவாது. டொமைன், ஹோஸ்டிங், கேட்வே, அனலிட்டிக்ஸ் நான்கும் அறக்கட்டளையின் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும், அதுவும் அந்த டொமைனைச் சாராத ஒரு முகவரியில். வேலை செய்பவருக்குத் துணை அனுமதி மட்டும் கொடுங்கள். ஒப்பந்தத்தில் கடைசித் தவணை 30 சதவீதம், தளம் ஏறி 30 நாள் கழித்து என்று எழுதுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், சண்டை போடும் முன் முழு பேக்கப்பையும் தரவுத்தளத்தையும் இறக்கி வையுங்கள். கேட்வே கணக்கு அறக்கட்டளையின் கேஒய்சியில் (அடையாள ஆவணங்களில்) இருந்தால், தளத்தைக் கேட்வேயோடு இணைக்கும் ஏபிஐ சாவியை நீங்களே மாற்றலாம், ஆனால் புதிய சாவியைத் தளத்தில் இடும்வரை நன்கொடை நிற்கும். டொமைன் உங்களுடையது என்று காட்ட, அதற்குப் பல ஆண்டுகளாக நீங்கள் பணம் கட்டிய பழைய பில்களைத் தேடி எடுங்கள். அழிந்த பக்கங்களின் எழுத்தை பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலிருந்து ஓரளவு மீட்கலாம். அங்கே பெரும்பாலும் படிவங்கள் வேலை செய்யாது, பக்கத்தின் வாசகம் கிடைக்கும்.