இருபது வளைவும் இருநூறு கோபதாபமும்: ஆங்கில மரபுத்தொடர்களோடு இரண்டேகால் வருஷம்

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் எனக்கு வேலை. வீடு சேலம் அஸ்தம்பட்டி. ஆங்கிலம் பேசுவேன், மெயில் எழுதுவேன், அதில் ஒன்றும் குறையில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த மெயில் வரும் வரைக்கும்.

இங்கிலாந்திலிருந்து வந்து மூன்று நாள் தங்கிப்போன ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். அறை பிரமாதம், சாப்பாடு பிரமாதம், ஆனால் கடைசி நாள் 'வி வேர் கட்டட்' என்று ஒரு வரி. அகராதியைப் புரட்டினால் மீனின் குடலை எடுத்துச் சுத்தம் செய்வது என்று போட்டிருக்கிறது. அவர்கள் கிளம்புவதற்கு முந்தின இரவு மீன் குழம்பு வேறு. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சமையலறைக்கு ஓடினேன். "அந்த மீனைத்தானே கண்ணு நானும் தின்னேன்" என்று சமையல் அக்கா கரண்டியும் கையுமாக நின்றார். மருத்துவச் செலவை விடுதியே ஏற்றுக்கொள்ளும் என்று பதில் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் நிதானமாக அடுத்த வரியைப் படித்தேன். பகோடா பாயின்ட்டில் நாள் முழுக்க மூடுபனி, ஒன்றுமே பார்க்க முடியவில்லையாம். பிரிட்டிஷ்காரர்களின் பேச்சு வழக்கில் 'கட்டட்' என்றால் பெருத்த ஏமாற்றம். குடலுக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். உணர்ச்சி கொப்பளிக்கும் தொடர்களை மட்டும் தனியாகப் படிப்பது என்று முடிவு செய்தேன். கையில் எடுத்தவை மூன்று: பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மரபுத்தொடர் அகராதி, காசு கட்டிச் சேர்ந்த ஒரு ஆப், அறுபது ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்று.

அகராதி பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேடிப் பார்க்க நல்லது, உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும்.

ஆப் ஏழு மாதம். தினம் ஐந்து தொடர், அதை விட்ட இடத்திலிருந்து ஞாபகப்படுத்த மணி அடிக்கும். மறக்கப்போகிற நேரம் பார்த்துத் திரும்பக் கேட்கும் உத்தியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885லேயே அளந்து எழுதிவிட்டார். அந்த வேலையை ஆப் ஒழுங்காகவே செய்தது. தொடர்கள் மனதில் நின்றன. நின்றதுதான் வினையாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் அர்த்தம்: கோபம், சந்தோஷம், பொறுமை. எவ்வளவு கோபம், யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று ஒரு வார்த்தை கிடையாது. வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போட்ட ஒரு வயதான விருந்தினரிடம், பொறுமையாக இருங்கள் என்ற நினைப்பில் 'கீப் யுவர் ஷர்ட் ஆன், சார்' என்றேன். நம் பாஷையில் அது "சும்மா குதிக்காதய்யா" என்பதற்குச் சமம். பின்னால் சேர்த்த 'சார்' காப்பாற்றவில்லை. மனுஷன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஆங்கிலத்தில் கோபம் வந்தால் கூரை வரைக்கும்தான் போவார்கள், 'ஹிட் த ரூஃப்'. நம் ஆட்கள் வானம் வரைக்கும் போகிறவர்கள். இவர் அன்றைக்கு நம் கணக்குதான். அடுத்த மாதம் சந்தாவை நிறுத்தினேன்.

நோட்டுதான் நிலைத்தது. அதில் அர்த்தம் எழுதுவதை விட்டுவிட்டேன். தொடருக்கு எதிரே என் வாயில் தானாக வரும் தமிழ்த் தொடர், அதற்கும் பக்கத்தில் மேனேஜர், விருந்தினர், அக்கா என்று மூன்று கட்டம். யாரிடம் சொல்லலாமோ அங்கே ஒரு டிக். பொருத்திப் பார்க்கப் பார்க்கச் சுவாரசியம் கூடியது. ரத்தம் கொதிப்பது இரண்டு மொழியிலும் ஒன்றேதான். காதில் புகை வருவது நமக்குப் பொறாமை, அவர்களுக்குக் காதில் ஆவி வந்தால் கோபம். நமக்குக் கோபத்தில் கண் சிவக்கிறது, அவர்களுக்குக் கண்ணில் படுவதெல்லாம் சிவப்பாகிறது, 'ஸீ ரெட்'. அவர்கள் இதயத்தைப் பிடித்துக்கொள்ளும் பல இடங்களில் நாம் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறோம். வயிறு எரிகிறது, வயிற்றில் பால் வார்க்கிறார்கள், வயிற்றில் அடிக்கிறார்கள்.

ஆனால் என்னை நிறைய நாள் குழப்பியது சூடும் குளிர்ச்சியும்தான். பாராட்டினால் நமக்கு உச்சி குளிர்கிறது, பிள்ளையைப் பார்த்தால் கண் குளிர்கிறது, நல்லது செய்தால் "உன் வயிறு குளிரட்டும்" என்று வாழ்த்துகிறோம். சித்திரை வெயிலில் சேலம் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றவருக்குக் குளிர்ச்சி ஏன் சந்தோஷம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்களுக்கோ அன்பு என்றால் சூடு, வரவேற்பு என்றால் சூடு. குளிர்ந்தால் எல்லாம் கெட்டது. பாதம் குளிர்ந்தால் கடைசி நேரத்துப் பயம், 'கோல்ட் ஃபீட்'. தோள் குளிர்ந்தால் முகம் கொடுக்காமல் ஒதுக்குவது. இது பிடிபட்ட பிறகு நோட்டில் பாதித் தொடர்கள் தானாக மனதில் உட்கார்ந்துவிட்டன. மலை மேல் மார்கழி காலையில் பல் தந்தியடிக்க வேலைக்கு வருகிறபோது அவர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

கண்ணால் பார்த்ததோடு ஒட்டினால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. 'அட் த எண்ட் ஆஃப் மை டெதர்' என்பதை ஆப்பில் நான்கு தடவை தப்பு செய்தேன். ஒரு நாள் அடிவாரத்தில் பஸ் நின்றபோது ஒரு வெள்ளாடு. முளைக்குச்சியில் கட்டிய கயிறு எட்டுகிற மட்டும் புல்லை மேய்ந்து முடித்துவிட்டு, ஒரு சாண் தள்ளி இருந்த பசும்புல்லுக்குக் கழுத்தை நீட்டி, கயிறு இறுக, கத்திக்கொண்டிருந்தது. அந்தக் கயிறுதான் டெதர். இனி தாங்காது, என்னால் ஒரு அடி கூட நகர முடியாது என்பதை அதைவிட நன்றாக எந்த ஆசிரியராலும் விளக்க முடியாது. அமெரிக்கர்கள் அதே இடத்தில் 'ரோப்' என்பார்கள். 'ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்' என்பதும் அப்படித்தான், காம்பிலிருந்து கழன்று பறக்கும் கோடாரித் தலை. எஸ்டேட்டில் மரம் வெட்டுகிறவர்கள் ஆப்பு அடித்து இறுக்குவதைப் பார்த்த அன்றே, இது திடீரென்று, காரணம் இல்லாமல் வெடிக்கும் கோபம் என்று விளங்கிவிட்டது. அதனால் அடுத்தவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாதது. அக்கா கட்டத்தில் மட்டும் டிக்.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு 20, எண் பலகையோடு. வளைவுக்கு ஒரு தொடர் என்று வைத்துக்கொண்டேன். பதின்மூன்றாவதுக்கு 'ரவுண்ட் த பெண்ட்', பைத்தியம் பிடிக்க வைப்பது. வேண்டுமென்றேதான் வைத்தேன், லாரி எதிரே வந்து பஸ் பின்னால் போகிற இடம் அது. இந்த உத்தியில் ஒரு கோளாறு உண்டு. ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து பாதையை மூடி, குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனோம். அந்த நாட்களில் எனக்கு ஒரு தொடரும் வரிசையில் வரவில்லை. இறங்கும்போது தலைகீழாகச் சொல்லிப் பழகியிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

நோட்டில் இன்றைக்கு 212 தொடர்கள். படித்தால் கேட்டால் முக்கால்வாசி புரிகிறது. நானாகச் சொல்வது பத்தைத் தாண்டாது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. 'ஓவர் த மூன்' மெயிலில் எழுதுவேன், தலைகால் புரியாத சந்தோஷம் என்று. அதற்கு எதிர் ஜோடியான 'சிக் அஸ் அ பேரட்', அதாவது படு ஏமாற்றம், அந்தப் பக்கம் போவதில்லை. தோற்றுப்போன கால்பந்து ஆட்டக்காரர்கள் பேட்டிக்குப் பேட்டி சொல்லித் தேய்த்த தொடர் அது, இப்போது சொன்னால் கிண்டல் மாதிரி ஒலிக்கும். அறை முன்பதிவை ரத்து செய்த ஒருவருக்கு 'ஹார்ட்ப்ரோக்கன்' என்று எழுதி, அவர் பதறிப்போய் இரண்டு பக்கம் மன்னிப்புக் கேட்டதிலிருந்து அளவு பார்த்துத்தான் சொல்லைப் போடுகிறேன்.

சமையல் அக்காவுக்கு மொத்தத்தில் ஒரே சொல்தான். போன வாரம் பால் திரிந்துபோன காலையில், "கட்டட் ஆயிட்டேன் கண்ணு" என்றார். பாலுக்கெல்லாம் அது கொஞ்சம் அதிகம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அண்டாவை எட்டிப் பார்த்தால் பத்து லிட்டர். அளவு சரிதான்.