பாரிமுனையிலிருந்து கிளவுடுக்கு: மூன்று கொட்டேஷன்கள், ஓர் ஒப்பீடு

தம்புச்செட்டித் தெருவிலும் லிங்கிச்செட்டித் தெருவிலும் உள்ள கிளியரிங் ஏஜென்ட் (சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத் தருபவர்) அலுவலகங்கள் பலவற்றில், கோப்புகளும் மென்பொருள்களும் இருக்கும் மையக் கணினியான சர்வர் என்பது இன்றும் கணக்காளரின் மேஜைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, தரைத்தளத்தில் இருந்த எங்கள் பெட்டிகளை அவசர அவசரமாக மேஜை மேல் ஏற்றிய பிறகுதான், கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகளுக்கு, மாறும் பேச்சு எங்கள் அலுவலகத்தில் சூடு பிடித்தது. மாற்றித் தருவதற்கு மூன்று வகையானவர்களிடம் கொட்டேஷன் வாங்கினோம்.

எந்த கிளவுட் என்பதில் நாங்கள் அதிக நேரம் செலவிடவில்லை. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும், மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலேயும் டேட்டா சென்டர்கள் உள்ளன. கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்கள் மின்னணுக் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் விதி திருத்தப்பட்டிருப்பதால், வாடகை குறைவு என்பதற்காக வெளிநாட்டு இடத்தைத் தேர்ந்துவிடாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் கொட்டேஷன், பழைய மகாபலிபுரம் சாலையில் இயங்கும் ஒரு பெரிய நிறுவனத்துடையது. எந்த மென்பொருள் எதைச் சார்ந்திருக்கிறது என்று முதலில் ஆய்வு செய்து, எழுத்தில் திட்டம் கொடுத்து, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கிறார்கள். ஐம்பது சர்வர் வைத்திருப்பவருக்கும், தணிக்கைக்குச் சான்றிதழ் காட்ட வேண்டியவருக்கும் இதுவே சரியான வழி. நான்கு சர்வர் மட்டுமே உள்ள எங்களுக்கோ, பேச வந்தவர் ஒருவர், வேலைக்கு வரப்போகிறவர் வேறொருவர் என்பதும், ஒப்பந்தத்தில் இல்லாத சிறு மாற்றத்துக்கும் தனிக் கட்டணம் என்பதும் உறுத்தின.

இரண்டாவது, மண்ணடியில் கடை வைத்து, பல ஆண்டுகளாக எங்கள் கணினிகளைப் பராமரித்துவரும் பொறியாளர் கொடுத்தது. தொகையும் குறைவு, இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து நிற்பார். "அண்ணே, எல்லாத்தையும் அப்படியே தூக்கி வெச்சிரலாம்" என்று அவர் எளிதாகச் சொன்னதில்தான் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, இருப்பதை அப்படியே தூக்கிவைப்பது. எங்கள் பெட்டியில் 32 ஜிபி ரேம் இருக்கிறது என்பதற்காக அதே அளவில் கிளவுடில் வாடகைக்கு எடுத்தால், பகலில்கூடப் பாதி உழைக்காத இயந்திரத்துக்கு இரவும் பகலும் வாடகை கட்ட நேரும். இரண்டாவதும் பெரியதும், கிளவுட் கணக்கு யார் பெயரில் என்பது. அவர் தமது மின்னஞ்சலிலும் தமது கார்டிலும் கணக்கைத் திறந்து, மாதந்தோறும் எங்களுக்கு பில் போடுவதாகச் சொன்னார். அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் கார்டு காலாவதியானால், எங்கள் அலுவலகம் முழுவதும் அவருடைய ஓடிபிக்காகக் காத்திருக்கும்.

மூன்றாவது, கிளவுட் நிறுவனங்களே தரும் கருவிகளைக் கொண்டு, மணிக்கணக்கில் ஊதியம் பெறும் தனி ஆலோசகரின் துணையோடு நாமே செய்வது. அமேசானின் இடமாற்றக் கருவி ஒரு சர்வருக்கு 90 நாட்கள் வரையிலும், மைக்ரோசாஃப்ட்டுடையது 180 நாட்கள் வரையிலும் இலவசம், அதற்குள் ஆகும் டிஸ்க் போன்றவற்றின் வாடகை தனி. அலுவலகத்தில் இதற்கென ஓர் ஆள் இருந்தால் இது சிக்கனமான வழிதான். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை.

கட்டணத்தை ஒதுக்கிவிட்டு, மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டோம். இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியை, சுங்கத்துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்ப டோக்கன் தேவை. அந்த யுஎஸ்பி டோக்கன் எங்கள் மேஜையில் செருகியிருக்க, மென்பொருள் மும்பையில் ஓடினால் கையொப்பம் எப்படி விழும்? பெரிய நிறுவனத்தார் விசாரித்துச் சொல்வதாகப் போனார்கள், ஆலோசகர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக டோக்கனை இணைக்கும் முறையை விளக்கினார், மண்ணடிக்காரரோ மறுநாளே செய்து காட்டினார். கணக்கு மென்பொருளான டேலியின் லைசென்சைப் பழைய கணினியிலிருந்து சரண்டர் செய்துவிட்டுத்தான் (விடுவித்துவிட்டுத்தான்) புதியதில் இயக்க வேண்டும் என்பதைக் கேட்காமலே சொன்னவரும் அவர்தான்.

தரவின் அளவைப் பற்றிய கேள்வியில் அவர் தடுமாறினார். எங்களிடம் ஸ்கேன் செய்த ஆவணங்களோடு 2 டெராபைட் சேர்ந்திருக்கிறது. நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஏற்றினாலும் கிட்டத்தட்ட 89 மணி நேரம் பிடிக்கும், ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிப்பேன் என்ற அவர் கணக்கு நிற்காது. முன்கூட்டியே நகலெடுக்கத் தொடங்கி, இறுதி இரவில் மாறிய கோப்புகளை மட்டும் அனுப்ப வேண்டும் என்று திருத்தியவர் ஆலோசகர்.

முடிவில் வேலையை மண்ணடிக்காரரிடமே கொடுத்தோம். திட்டத்தைச் சரிபார்க்க ஆலோசகருக்குச் சில மணி நேர ஊதியம் தந்தோம். கிளவுட் கணக்கும், அதன் முழு அதிகாரம் கொண்ட ரூட் மின்னஞ்சலும் அலுவலகத்தின் பெயரில் இருக்கும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான கைபேசி பங்குதாரரிடம் இருக்கும். ஜிஎஸ்டி தாக்கலுக்குரிய 11, 20 தேதிகளை ஒட்டி எதையும் தொடக்கூடாது. பேக்கப்பிலிருந்து சென்ற ஆண்டின் ஒரு கோப்பை எங்கள் கண்ணெதிரே மீட்டுக் காட்டி, புதிய இடத்திலிருந்து ஒரு மாதக் கணக்கும் தாக்கலான பிறகே கடைசித் தவணை. பழைய பெட்டிகள் மூன்று மாதம் அழிக்கப்படாமல் இருக்கும், இம்முறை முதல் மாடியில்.