குழித்தட்டு வாங்கலாமா என்று கேட்டவருக்கு

மாடித்தோட்டம் தொடங்கப்போகும் நண்பர் ஒருவர், பூ விதை போட 98 குழித் தட்டு, அதாவது 98 சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் நாற்றுத் தட்டு, வாங்கலாமா என்று கேட்டார். நான் சில வருடங்களாகப் புழங்குகிற சாமான்தான். ஆனாலும் 'சரி, வாங்குங்கள்' என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பொங்கலுக்குச் செண்டுமல்லி பூக்க வேண்டுமென்றால் ஐப்பசியில் விதைத்தாக வேண்டும். திறந்த மாடியில் போட்டால் அடைமழை விதையை அடித்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்குள் ஜன்னலோரம் தட்டில் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடுகிறது. நாற்றுக்கு ஒரு குழி என்பதால் எடுக்கும்போது வேர் அறுவதில்லை. வேரில் கை பட்டாலே சுணங்கும் ஜினியாகூட, குழியில் நிரப்பிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டியோடு பெயர்த்து நட்டால் மறுநாளும் வாடாமல் நிற்கிறது. இதற்காக எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

குழி சிறிது, வெயிலுக்குப் போனால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் ஆத்திரமெல்லாம் அந்தத் தட்டைத் தூக்குவதில்தான்.

உள்ளே வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். முதல் நாள் இளவெயில் ஒரு மணி நேரம், அப்புறம் நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரம் பத்து நாள் பழக்க வேண்டும். அதாவது தட்டைத் தினமும் மாடிக்குத் தூக்கு, திரும்பவும் கீழே இறக்கு. தட்டோ அப்பளம் மாதிரி. ஈரக் கோகோபீட்டின் கனத்தில் நடுவில் தொய்கிறது, பிடித்த ஓரம் கிழிகிறது, குழி பிதுங்கி நாற்று சாய்கிறது. பண்ணைக்காரர்களுக்கு நிழல்வலைக்கடியில் வைத்தால் வைத்த இடம். அவர்களுக்குத் தட்டு இந்தத் தடிமனில் இருந்தால் போதும். தினம் இரண்டு வேளை படியேறுகிறவனை நினைத்து இதைச் செய்யவில்லை. அடியில் எவர்சில்வர் தாம்பாளம் கொடுத்துத் தூக்கலாம்தான். அதில் தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வந்து தண்டு அடியோடு நைந்துவிடும். தாம்பாளத்தில் ஓட்டை போட எங்கள் வீட்டில் அனுமதி இல்லை.

தட்டைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டினால் தொய்வு குறைகிறது. பெட்டூனியா விதை வெளிச்சத்தில் முளைக்கும், நித்தியகல்யாணிக்கு இருட்டு வேண்டும். அதற்கும் தனித்தனித் துண்டு வசதி. ஆனால் காசு கொடுத்து வாங்கியதை வெட்டித்தான் உபயோகிக்க வேண்டுமா?

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டு விதையுங்கள். நான் கிழிந்ததற்குப் பதில் இன்னும் இரண்டு தட்டு சொல்லியிருக்கிறேன், ஐப்பசி நெருங்குகிறது.