12 டிஸ்க் பெட்டி, 5 வருட அனுபவம்: ஸ்பேர் பச்சையாக எரிந்தால் மட்டும் போதாது

தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பழைய கேசட், வீடியோ டேப்களை டிஜிட்டலாக மாற்றித் தரும் சின்னக் கடை எங்களுடையது. கல்யாண வீடியோ, காவடி, கரும்புத் தோட்டக் காலத்துத் தெருக்கூத்துப் பாட்டு (இங்கே அதை சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள்) எல்லாம் வரும். பல டேப்கள் ஒரு முறை ஓடினால் பூச்சு உதிர்ந்துவிடும், அப்புறம் டிஸ்க்கில் இருப்பதுதான் மிச்சம். பேக்கப் வாரம் ஒரு முறை எடுக்கிறோம், ஆனால் அந்த வாரம் பதிந்தது 12 ஹார்ட் டிஸ்க் செருகும் எங்கள் சேமிப்புப் பெட்டியில் மட்டும்தான் இருக்கும்.

அந்தப் பெட்டியை 2019ல் வாங்கினோம். பொருத்த வந்தவர் இரண்டு டிஸ்க் குரூப் போட்டுக் கொடுத்தார்: 8 டெராபைட் டிஸ்க் ஆறு சேர்த்து ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் மீதியிலிருந்து டேட்டாவைத் திரும்ப உருவாக்கும் முறை), 4 டெராபைட் ஐந்து சேர்த்து இன்னொரு ரெய்டு 5, மீதி இருந்த ஸ்லாட்டில் ஒரு 4 டெராபைட் டிஸ்க் குளோபல் ஸ்பேர், அதாவது பழுதான டிஸ்க்கின் இடத்தைத் தானாக எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் டிஸ்க். எந்தக் குரூப்பில் டிஸ்க் போனாலும் அது உதவும் என்றார், நானும் நம்பினேன்.

2021ல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 3ஆம் ஸ்லாட்டில் ஆரஞ்சு விளக்கு, டிஸ்க் பழுது. பெரிய குரூப். ஸ்பேர் தானாக உள்ளே போகும் என்று ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது, அசையவில்லை. மேனுவலைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, ஸ்பேர் டிஸ்க் பழுதான டிஸ்க்கின் அளவாவது இருக்க வேண்டும். 8ன் இடத்தில் 4 எப்படிப் போகும்? பேர் குளோபல்தான், ஆனால் பெரிய குரூப்புக்கு ஸ்பேரே கிடையாது, இரண்டு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. புது டிஸ்க் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வந்தது. அந்த நான்கு நாளும் இன்னொரு டிஸ்க் போயிருந்தால் அந்தக் குரூப் மொத்தமும் போயிருக்கும்.

ரீபில்டும், அதாவது போன டிஸ்க்கில் இருந்ததை மீதி டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுப் புது டிஸ்க்கில் எழுதுவதும், லேசான வேலை இல்லை. 8 டெராபைட்டை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலே ஏறக்குறைய 15 மணி நேரம், எங்களுக்குக் கடை வேலையும் சேர்ந்து 31 மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு), ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். யுபிஎஸ் அவ்வளவு தாங்காது, முறையாக ஷட்டவுன் செய்தேன், நல்லவேளை எங்கள் பெட்டி விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. எல்லாப் பெட்டியும் அப்படித் தொடராது, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ரெய்டு 5ஐ நான் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. ஆறில் ஒன்று போனால் மீதி ஐந்தையும், அதாவது 40 டெராபைட்டை, ஒரு பிழை இல்லாமல் படித்தாக வேண்டும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில் படிக்க முடியாத பிழை 12.5 டெராபைட்டுக்கு ஒன்றுக்கு மேல் வராது என்ற அளவுக்குத்தான் உறுதி இருக்கும். நடப்பில் அதைவிட நன்றாகவே ஓடும், ஆனாலும் திரும்ப எடுக்க முடியாத டேப்களை அதை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடம் சின்ன குரூப்பில் ஒன்று போனது. இந்த முறை ஸ்பேர் ஒரே நிமிடத்தில் உள்ளே போய் வேலையை ஆரம்பித்தது, பார்க்கவே நிம்மதியாக இருந்தது. பழுதானதைக் கழற்றிப் புதிதைச் செருகினேன், விளக்கு பச்சை, சரி, முடிந்தது என்று விட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால் ஸ்பேர் எண்ணிக்கை பூஜ்யம்! ஸ்பேராகப் போன டிஸ்க் குரூப்பிலேயே தங்கிவிட்டது, புது டிஸ்க் எதிலும் சேராமல் சும்மா நின்றிருக்கிறது. நாம்தான் போய் அதை ஸ்பேர் என்று குறிக்க வேண்டும். சில பெட்டிகள் புது டிஸ்க்குக்கே எல்லாவற்றையும் திரும்ப எழுதி ஸ்பேரைத் தானாக விடுவித்துவிடும், எங்களுடையது அந்த வகை இல்லை.

2023ல் எல்லாவற்றையும் வெளியே காப்பி எடுத்துவிட்டு, 4 டெராபைட் டிஸ்க்குகளை 8ஆக மாற்றி, குரூப்பைப் புதிதாகப் போட்டேன். பத்து டிஸ்க்கில் ரெய்டு 6, இரண்டு ஸ்பேர். கையில் கிடைப்பது 64 டெராபைட்தான், ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா நிற்கும். புது டிஸ்க்குகளை இரண்டு கடையில், வேறு வேறு மாதத்தில் வாங்கினேன், ஒரே லாட்டில் வந்தவை சேர்ந்து பழுதாகும் என்ற பயம்தான். மாதம் ஒரு முறை ஸ்கரப் (எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓடுகிறது, யாரும் படிக்காத மூலையில் கெட்டுப்போன இடத்தை ரீபில்ட் நேரத்தில் கண்டுபிடிப்பதைவிட இப்போதே கண்டுபிடிப்பது நல்லது. டிஸ்க்கைக் கழற்றும் முன், அது எது என்று காட்டும் லொகேட் விளக்கை எரியவிட்டு, சீரியல் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன், ஏனென்றால் எங்கள் பெட்டியில் ஸ்லாட் எண் 0விலிருந்து தொடங்குகிறது, ஐந்தாவது டிஸ்க் என்று எண்ணிக் கை வைத்தால் அது 4.

இதைத் தவிர அலமாரியில் உறை பிரிக்காத 8 டெராபைட் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாலைகள் அடித்துப் போய், துறைமுகமே சில நாள் நின்றதைப் பார்த்த பிறகு வாங்கி வைத்தது.