கைப்பேசியில் அசல் டிரம்ஸ் ஒலி: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ இசையமைப்பவர் குரலையும் கிட்டாரையும் நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம். பியானோவுக்கும் சின்தசைசருக்கும் நல்ல செயலிகளுக்குக் குறைவில்லை. டிரம்ஸ் என்று வரும்போதுதான் கை கட்டப்படுகிறது. ஒரு முழு டிரம் செட்டைப் பதிவு செய்ய இடம் வேண்டும், சில மைக்குகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கணினியில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. சுப்பீரியர் டிரம்மர் 3 என்னும் மென்பொருளின் அடிப்படை ஒலித்தொகுப்பு மட்டுமே 230 ஜிபிக்கு மேல் இருக்கிறது. அந்தப் பருமனைப் பெரும்பாலான கைப்பேசிகள் சுமக்க மாட்டா.

கைப்பேசியில் இன்று நமக்கு இருப்பவை நான்கு வழிகள்: தானாகவே தாளம் அமைத்து வாசிக்கும் டிரம்மர் செயலிகள், பல அடுக்கு சாம்பிள் (ஒவ்வோர் அடியையும் தனியே பதிவு செய்த சிறு ஒலித்துண்டு) தொகுப்புகளை ஏற்றி இயக்கும் சாம்பிளர்கள், கலைஞர்கள் வாசித்துப் பதிவான லூப்கள் (திரும்பத் திரும்ப ஓடவிடும் தாளத் துண்டுகள்), இசைச் செயலிகளோடு கூடவே வரும் கிட்டுகள் (ஒரு டிரம் செட்டின் ஒலிகள்). இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலோர் ஒலியின் கம்பீரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். என் கணிப்பில் அது இரண்டாவது கேள்வி. ஒரே அடி அடுத்தடுத்து வரும்போது அச்சு அசலாக ஒரே மாதிரி ஒலிக்காமல் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. டிரம்ஸ் மனிதர் வாசித்ததாகத் தோன்றுவதும் இயந்திரமாகத் தோன்றுவதும் அங்கேதான் பிரிகின்றன.

ஸ்நேர், அதாவது அடியில் கம்பிகள் பூட்டிய டிரம்மை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். மெதுவாகத் தட்டும்போது அது சத்தம் குறைந்து ஒலிப்பதோடு நிற்பதில்லை, அதன் தன்மையே மாறுகிறது: அடியிலுள்ள கம்பிகளின் சரசரப்பு மேலோங்கும், தோலின் அதிர்வு அடங்கும். ஓங்கி அடித்தால் தோலும் உலோக விளிம்பும் சேர்ந்து வெடிக்கும். ஆகவே ஒரே சாம்பிளின் ஒலியளவைக் கூட்டிக் குறைப்பது போதாது. வெவ்வேறு விசையில் அடித்துப் பதிவு செய்த அடுக்குகள் வேண்டும். இசைக்கருவிகளும் மென்பொருள்களும் வாசிப்பைப் பரிமாறிக்கொள்ளும் முறையான மிடியில் அடியின் விசை 1 முதல் 127 வரை குறிக்கப்படுகிறது. ஒரு தொகுப்பில் மூன்றே அடுக்குகள் சம அளவில் பிரிக்கப்பட்டிருந்தால், 84 என்ற விசைக்கும் 85 என்ற விசைக்கும் இடையே ஒலியின் நிறம் சட்டென்று தாவும். மெல்ல ஏறிவரும் ஒரு ரோலில் (வேகமான தொடர் அடிகளில்) அந்தத் தாவல் காதில் குத்தும். எட்டு அடுக்குகள் இருந்தால் தாவல் பெரும்பாலும் தெரியாது. அடுக்கு ஒவ்வொன்றிலும் நான்கு மாற்றுப் பதிவுகள் இருந்து, அவை முறை வைத்து ஒலித்தால், வேகமான அடிகளில் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும் குறையும் போய்விடும்.

அப்படியானால் ஸ்நேருக்கு மட்டும் 32 சாம்பிள்கள். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு வினாடி ஸ்டீரியோ ஒலிக்கு ஏறத்தாழ 2,64,600 பைட் தேவைப்படும். சாம்பிள் ஒவ்வொன்றும் இரண்டு வினாடி என்றால் ஸ்நேர் சுமார் 17 எம்பியில் முடிந்துவிடுகிறது. ரைட் சிம்பலுக்கோ (தாளத்தைத் தொடர்ந்து தட்டும் பெரிய உலோகத் தட்டு) ஒலி அடங்கப் பத்து வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதே 32 சாம்பிள்கள் 85 எம்பியை எட்டுகின்றன. கைப்பேசிக்கென்று சுருக்கப்பட்ட கிட்டுகளில் சிம்பல்கள் பாதியில் அறுந்ததுபோல ஒலிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்: இடத்தை மிச்சப்படுத்த நினைப்பவர் முதலில் கைவைப்பது சிம்பலின் வாலில்தான். எந்தக் கிட்டைச் சோதித்தாலும் கிராஷ் சிம்பலை (அழுத்தம் தர ஓங்கி அடிக்கும் தட்டு) ஒருமுறை அடித்துவிட்டு, ஒலி முற்றிலும் அடங்கும்வரை ஹெட்ஃபோனில் காத்திருந்து கேட்க வேண்டும்.

தானே வாசிக்கும் டிரம்மர்

ஐபோனும் ஐபேடும் வைத்திருப்பவர்களுக்கு முதலில் எட்டுவது கராஜ்பேண்ட். இலவசமாகக் கிடைக்கும் இச்செயலியின் ஐஓஎஸ் வடிவில் 2016இல் டிரம்மர் வசதி சேர்ந்தது. ஒரு கலைஞரையும் அவருடைய பாணியையும் தேர்ந்தெடுத்து, ஒரு சதுரக் கட்டத்தில் புள்ளியை நகர்த்தினால் போதும். எளிமையா சிக்கலா, மென்மையா அழுத்தமா என்பது மாறும். ஃபில் (பகுதிகளுக்கு இடையே வரும் சிறு அலங்கார வாசிப்பு) எத்தனை வர வேண்டும், ஸ்விங் (தாளத்தின் அசைந்தாடும் நடை) எவ்வளவு என்பதையும் கூட்டிக் குறைக்கலாம். டிரம்ஸ் வாசிப்பின் இலக்கணம் தெரியாத பாடலாசிரியருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கைப்பேசியில் இல்லை. கையால் நிரலமைத்த பல டிரம்ஸ் தடங்களைவிட இது இயல்பாக ஒலிப்பதற்குக் காரணம், விசை மாறுபாடுகளும் ஹை-ஹேட்டின் (காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டு) திறப்பும் மூடலும் அதன் வாசிப்பிலேயே கலந்திருப்பதுதான்.

அதன் குறை கலவையின்போது தெரியவரும். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர், ஓவர்ஹெட் மைக் (மேலிருந்து முழுக் கிட்டையும் பிடிப்பது), அறை மைக் என்று தனித்தனித் தடங்களாகப் பிரித்து எடுக்க முடியாமல், எல்லாம் ஒரே ஸ்டீரியோ தடமாகவே வருகின்றன. ஸ்நேருக்கு மட்டும் எதிரொலி சேர்க்க வேண்டும் என்றால் சுற்றுவழி தேட வேண்டியிருக்கும். மேக் கணினியும் வைத்திருப்பவருக்கு இது பெரிய தடையன்று. அதே கோப்பை ஆப்பிளின் லாஜிக் புரோ மென்பொருளில் திறந்து வேலையைத் தொடரலாம். 2023இல் ஐபேடுக்கு வந்த லாஜிக் புரோ இன்னும் விரிவானது; 2024இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பில் டிரம்மரோடு பேஸ், கீபோர்டு வாசிப்பவர்களும் சேர்ந்தார்கள். ஆனால் அது சந்தா முறையில் கிடைப்பது. டிரம்ஸுக்காக மட்டும் அந்தச் சந்தாவைக் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து.

லம்பீட் வெளியிடும் சாஃப்ட் டிரம்மர், ஃபங்க் டிரம்மர் முதலிய செயலிகளும் இதே வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஒரு பாணிக்கென்றே உருவாக்கப்பட்டிருப்பதால், அந்தப் பாணிக்குள் அவை கராஜ்பேண்டைவிட நுணுக்கமாக வாசிக்கின்றன. பாணியை விட்டு வெளியே வந்தால் உதவ மாட்டா.

சாம்பிளரும் பல அடுக்குத் தொகுப்புகளும்

பொறுமையும் நல்ல சேமிப்பிடமும் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். ஐஓஎஸ்ஸில் விர்சின் நிறுவனத்தின் ஆடியோலேயர், இன்டுவாவின் பீட்மேக்கர் 3 ஆகியவை ஒரே மிடி எண்ணுக்குப் பல அடுக்கு சாம்பிள்களை ஏற்றக்கூடியவை. சவுண்ட்ஃபான்ட் கோப்புகளை (சாம்பிள்களை ஒரே கோப்பில் அடக்கும் வடிவம்) மட்டும் வாசிக்கப் போதுமென்றால் பிஎஸ்-16ஐ (bs-16i) என்னும் செயலி இருக்கிறது. இவற்றுள் டிரம்ஸுக்கு நான் முதலிடம் தருவது ஆடியோலேயருக்கு. அது எஸ்எஃப்இசட் கோப்புகளை இறக்குமதி செய்யும் என்பதே காரணம். எஸ்எஃப்இசட் என்பது சாதாரண எழுத்துக்கோப்பு. எந்த சாம்பிள் எந்த விசைக்கு, எந்த முறையில் ஒலிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். தவறு இருந்தால் எந்த எடிட்டரிலும் திறந்து நாமே திருத்திக்கொள்ளலாம்.

கட்டணமின்றிக் கிடைக்கும் எஸ்எஃப்இசட் டிரம் தொகுப்புகள் வியக்கத்தக்க தரத்தில் உள்ளன. சாலமாண்டர் டிரம்கிட் பல்லாண்டுகளாகப் பலரும் நம்பிப் பயன்படுத்துவது. ஏவிஎல் டிரம்கிட்ஸ் தொகுப்பிலுள்ள பிளாக் பேர்ல், ரெட் செப்பலின் என்னும் இரு கிட்டுகளும் அளவில் சிறியவை, கைப்பேசியின் நினைவகத்துக்கு ஏற்றவை. வர்ச்சுவாசிட்டி டிரம்ஸ் மென்மையான அடிகளில் மிளிர்கிறது. பாடலை விற்பனைக்கு வெளியிட எண்ணுபவர் தொகுப்போடு வரும் உரிமக் கோப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். சிலவற்றுக்கு ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டாக வேண்டும், சிலவற்றுக்கு எந்த நிபந்தனையும் இல்லை.

டிரம்கிஸ்மோ திட்டத்தின் கிட்டுகள் தனி ரகம். அடி ஒவ்வொன்றும் எல்லா மைக்குகளிலும் ஒரே நேரத்தில் பதிவானதால், ஸ்நேரை அடிக்கும்போது ஓவர்ஹெட் மைக்கிலும் கிக் மைக்கிலும் கசியும் ஒலிகூட அவற்றில் இருக்கிறது. நிஜ அறையில் நிஜ கிட் ஒலிக்கும் உணர்வைத் தருவது இந்தக் கசிவுதான். எனினும் அவற்றை இயக்கும் பொறி கணினிக்கானது. கைப்பேசியில் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் கணினியில் மைக்குகளைக் கலந்து ஸ்டீரியோ சாம்பிள்களாக மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவு உழைப்பு எல்லாருக்கும் தேவையில்லை.

இந்த வழியின் உண்மையான விலை ஒலியில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. தொகுப்பு எவ்வளவு உயர்ந்ததாயினும், எல்லா அடிகளையும் 100 விசையில் வைத்தால் அது பொம்மை டிரம்ஸாகத்தான் ஒலிக்கும். நான்கு எண்ணிக்கைத் தாளம் ஒன்றில் இரண்டிலும் நான்கிலும் விழும் ஸ்நேரை 105 முதல் 118 வரை ஏற்ற இறக்கத்தோடு வைத்து, இடையே வரும் மெல்லிய கோஸ்ட் அடிகளை 20 முதல் 40 வரை வைத்தாலே தாளம் நடக்கத் தொடங்கும். ஹை-ஹேட்டில் எண்ணிக்கையின் மீது விழும் அடி 85 என்றால் இடையில் விழுவது 55. கிராஷ் விழும் இடத்தில் ஹை-ஹேட்டை எடுத்துவிட வேண்டும். வாசிப்பவருக்கு இரண்டு கைகள்தாம். திறந்த ஹை-ஹேட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மூடிய ஹை-ஹேட் வந்தால் முன்னது உடனே அடங்க வேண்டும். இதற்கான சோக் குழு சாம்பிளரில் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பெரும்பாலான தொகுப்புகள் கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்தது 46 என்ற ஜெனரல் மிடி வரிசையையே (எந்த ஒலிக்கு எந்த மிடி எண் என்னும் பொது ஒழுங்கு) பின்பற்றுவதால், ஒரு கிட்டுக்கு எழுதிய தாளத்தை இன்னொரு கிட்டில் பெரும்பாலும் அப்படியே ஒலிக்கவைக்கலாம்.

லூப்களும் கூடவே வரும் கிட்டுகளும்

லூப்பில் இருப்பது நிஜக் கலைஞரின் நிஜ வாசிப்பு. அறை, மைக், கை எல்லாம் அசல். இயல்புத்தன்மையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் பாடல் லூப்புக்கு வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 90 துடிப்பில் பதிவானதை 100க்கு இழுத்தால் சிம்பல்கள் நீரில் கரைந்ததுபோல ஆகும், கிக்கின் முனை மழுங்கும். அதற்குப் பதிலாக லூப்பை அடி அடியாக வெட்டி, திரையில் தட்டி வாசிக்கும் பேடுகளில் வைத்துப் புதிதாக வாசிப்பது நல்லது. ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு இரண்டிலும் கிடைக்கும் கோலா சாம்பிளர் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். பேண்ட்லேப் செயலியில் லூப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மெட்டு தோன்றியவுடன் கீழே ஒரு தாளத்தை ஓடவிட்டுப் பாடிப் பார்க்க அது போதும்.

எஃப்எல் ஸ்டுடியோ மொபைல், கியூபேசிஸ் போன்ற செயலிகளோடு வரும் கிட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னணு இசைக்கு அவை நன்றாகவே உதவும். தோலும் மரமும் ஒலிக்க வேண்டிய பாடலுக்கு அவற்றின் அடுக்குகள் போதவில்லை.

ஆண்ட்ராய்டில் நிலைமை

மேலே சொன்னவற்றில் ஐஓஎஸ் பக்கம் தட்டு தாழ்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2015இல் ஐஓஎஸ் 9உடன் வந்த ஏயூவி3 என்னும் பிளகின் முறையால், ஒரு நிறுவனத்தின் சாம்பிளரை இன்னொரு நிறுவனத்தின் ரெக்கார்டிங் செயலிக்குள் திறந்து வேலை செய்யலாம். ஆண்ட்ராய்டில் அதற்கு இணையாகப் பரவலாக நிலைபெற்ற முறை எதுவும் இல்லாததால், செயலி ஒவ்வொன்றும் தன் வேலியைத் தானே போட்டுக்கொண்டிருக்கிறது. தட்டுவதற்கும் கேட்பதற்கும் இடையிலான ஒலித் தாமதத்தைப் பொறுத்தவரை, 2017இல் ஆண்ட்ராய்டு 8இல் ஏஆடியோ என்னும் குறைந்த தாமத ஒலி இடைமுகம் வந்தபின் நிலைமை தேறியிருந்தாலும் கருவிக்குக் கருவி வேறுபாடு அதிகம். எந்தக் கருவியானாலும் புளூடூத் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பேடில் தட்டி வாசிக்கக் கூடாது. அதன் தாமதத்தில் தாளம் நிற்காது.

இந்த எல்லைக்குள் ஆண்ட்ராய்டில் நல்ல பலன் தருவது கலப்பு வழிதான். சவுண்ட்ஃபான்ட் கிட்டுகளை ஏற்கும் ஆடியோ எவல்யூஷன் மொபைல் போன்ற செயலியில் கிக்கையும் ஸ்நேரையும் விசை மாறுபாட்டோடு நாமே எழுதிக்கொண்டு, சிம்பல்களையும் ஹை-ஹேட்டையும் மட்டும் பதிவான லூப்பிலிருந்து எடுப்பது. சிம்பல்கள்தாம் சாம்பிளில் முதலில் தோற்பவை. லூப்பிலோ அவைதாம் உயிரோடு இருப்பவை. லூப்பின் தாழ் அதிர்வெண்களை 300 ஹெர்ட்ஸ் வரை வெட்டிவிட்டால் அதிலுள்ள கிக் நம்முடைய கிக்கோடு மோதாது. லூப்பிலும் ஸ்நேர் இருக்குமாதலால், நம் ஸ்நேரை அதே இடங்களில் வைத்து, இரண்டும் மில்லிவினாடிக் கணக்கில் விலகி இரட்டை அடியாகக் கேட்கின்றனவா என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அரை வினாடிக்குக் குறைவான ஒரே அறை எதிரொலிக்குள் சிறிதளவு அனுப்பினால், வெவ்வேறு இடங்களில் பதிவான துண்டுகள் ஒரே அறையில் நிற்கும் ஒரே கிட்டாக ஒன்றுசேரும்.